எலோயிசே வளரும் இடம்

அன்று எலோயிசா காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டாளா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. போட்டுக்கொண்டாள் என்று ஒரு நினைவு இருக்கிறது. கரண்டி கோப்பையில் இடிக்கும் ஓசைகூடக் கேட்கிறது. வேண்டாம் என்று கோப்பையைக் கையால் மூடியதாகவும் ஒரு நினைவு இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. முள்ளின் நீளத்தையும் விதையின் நிறத்தையும் கண்டது கண்டபடி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது சங்கடமான விஷயம். ஆகவே நான் சொல்வதில் சின்னச் சின்னத் தவறுகள் இருக்கலாம். பெரிய விஷயங்களில் இருக்காது.

நீங்கள் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. எலோயிசே என்ற கள்ளி வளரும் இடத்தை நான் யாருக்காவது சொன்னேனா என்பது. ஐரோப்பாவில் அது தொட்டிகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கே நிலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. இடம் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் செடிகளைப் பற்றி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே உங்கள் அலுவலகம் உங்களை என்னிடம் அனுப்பியதில் தவறில்லை. கள்ளி கடத்துகிறவர்களுக்கு நான் வழி காட்டியிருப்பேனோ என்று சந்தேகிப்பதும் உங்கள் வேலைதான். ஆனால் அந்தப் பழியோடு நான் சாக விரும்பவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அந்த இடத்தை நான் ஒரே ஒருவருக்குத்தான் சொன்னேன். அப்போது அந்தச் செடிக்குப் பெயர் இல்லை. அப்படி ஒரு செடி இருப்பதே யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெயர் பிறகு வந்தது. நான் இடம் சொன்ன அந்த ஒருவரின் பெயர்தான் அது.

செடிகள் பற்றி உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை. எங்கள் கள்ளி ஆய்வுச் சங்கத்தின் இதழை நான் இந்த சான் லூயிஸ் நகரத்திலிருந்து வெகுகாலம் நடத்தினேன். காலாண்டுக்கு ஒன்று. புதிய கள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை லத்தீனில் வர்ணித்து, உலர்த்திய மாதிரி ஒன்றைக் கல்லூரிக் கூடத்தில் வைத்து, இதழில் அச்சிட்டால்தான் அதன் பெயர் செல்லும். உயரம், முள், பூ, காய், விதை. கடைசி வரியில் இடம்.

நான் ஆசிரியரான புதிதில் அந்தக் கடைசி வரியை உண்மையாக அச்சிட்டேன். தமாவுலிபாஸ் பக்கம் ஒரு சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளில் எலுமிச்சை அளவில் ஒரு கள்ளி. இதழ் கிடைத்தது என்று சந்தாதாரர்கள் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தபோதே பாறை காலியாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறும் குழிகள். அன்றிலிருந்து நாங்கள் இடத்தை மாற்றி அச்சிட்டோம். வடக்கே கண்டதைத் தெற்கே என்று போடுவோம். ஒரு மலையில் கண்டதை இன்னொரு மலையின் பேரில் போடுவோம். துறையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். உண்மையான இடம் ஆசிரியரின் வாயிலிருந்து, தேவைப்படும் ஒருவரின் காதுக்கு மட்டும் போகும். கேட்டவர் யாரிடமும் சொல்லக்கூடாது. துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. பெற்ற தாயிடம்கூட இன்ன இடம் போகிறேன் என்று சொல்லக்கூடாது. எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

இதழை அச்சுக்கோத்தவர் கயெத்தானோ. என் கம்பாத்ரே, என் திருமணத்தில் சாட்சியாக நின்றவர். ஒவ்வொரு இதழும் முடியும் தறுவாயில் கேட்பார்: "என்ன கம்பாத்ரே, இந்தத் தடவ எந்த மலைய எங்க நகத்துறோம்? ஏசுவே சொன்னாரு, நம்பிக்கை இருந்தா மலை நகரும்னு. நமக்கு நம்பிக்கை எதுக்கு, ஈய எழுத்து போதும்."

என் மனைவி ஒதீலியா தாவரவியல் படித்தவள் அல்ல. அவள் ஒரு கள்ளியைக் கண்டுபிடித்தது அதன்மேல் உட்கார்ந்து. நாங்கள் ஒரு ஜிப்சம் குன்றில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றிருந்தோம். அந்தச் செடி வறட்சியில் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். மேலே ஒரு நாணயம் அளவுதான் தெரியும். அவள் கத்திக்கொண்டு எழுந்தாள்.

"சிரிக்காத, எவரிஸ்தோ. முள்ள எடு."

"அசையாம நில்லு."

"எடுத்தாச்சா? அப்புறம் எதுக்கு அத வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டே நிக்கிற?"

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தேன். அந்த மாதிரி முள்ளை நான் அதுவரை கண்டதில்லை. இறகு போல் மெல்லிய மயிர் படர்ந்த முள். அதற்கு ஒதீலியே என்று பெயரிட்டேன். லத்தீனில் அப்படிச் சொன்னால் ஒதீலியாவுடையது என்று பொருள். "குட்டையா, முள்ளோட, பாதி மண்ணுல பொதஞ்சு கெடக்கு. பாத்த ஒடனே என் ஞாபகம்தான் வந்துச்சா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு அவள் இறந்துபோனாள். அவள் உடுப்புகளை மாதா கோயிலுக்குக் கொடுத்தேன். வீட்டில் அவள் குரல் இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் இருந்தது. ஜெர்மனியில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், முன்பின் அறியாதவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எழுதினார்கள். அதைப் படிக்கும்போது யாரோ தெருவில் அவளைக் கூப்பிடுவது போல் இருக்கும்.

எலோயிசா என் மாணவி. பிறகு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சந்தையில் சமையலுக்கான சப்பாத்திக்கள்ளி மடல்களை முள் சீவி விற்கும் எர்மீனியாவின் ஒரே மகள். "எங்கம்மா முள்ள சீவித் தூக்கிப் போடறாங்க, நான் பொறுக்கி அளக்கறேன்" என்பாள். படித்த காலத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். என் மனைவியை மரியாதையாகத் தோன்யா என்று அழைப்பாள். நான் சொன்ன அந்தக் காபி, ஒதீலியா இறந்த பிறகு ஒரு வசந்தகாலப் பிற்பகலில், அதே மேசையில் குடித்தது.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"ஒதீலியே தனி இனம் இல்ல. விதைய மைக்ராஸ்கோப்புல பாத்தேன். தமாவுலிபாஸ்ல பழைய பேர்ல இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணுதான். ஜிப்சத்துல வளந்ததால குட்டையா நின்னுபோச்சு. அவ்வளவுதான்னு தோணுது."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி காத்திருந்தாள்.

எங்கள் துறையில் ஒரே செடிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் மூத்த பெயர் நிற்கும். மற்றது பட்டியலில் அதன் கீழே, ஒரு சமக்குறிக்குப் பின்னால், சிறிய எழுத்தில் போய்விடும். அதன் பிறகு யாரும் அதை எழுத மாட்டார்கள். அதை நாங்கள் மூழ்குதல் என்போம். எத்தனையோ பேர் வைத்த பெயர்களை நானே மூழ்கடித்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

"விதை ஒண்ண வெச்சு முடிவு பண்ணிடலாமா?" என்றேன்.

"கூடாது. அதுக்குத்தான் வந்தேன். உயிரோட பூவப் பாக்கணும். பூ வேற மாதிரி இருந்தா நான் சொன்னது தப்பு. தப்பா இருந்தா எனக்கு சந்தோஷம்தான், டாக்டர். தோன்யா ஒதீலியா எனக்கு எவ்வளவு சாப்பாடு போட்டிருக்காங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இத எழுதறதுன்னு தூக்கமே வரல." பிறகு கேட்டாள்: "எடத்த சொல்லுங்க."

அவள் வேறு இதழுக்கு அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். முதலில் என்னிடம் வந்தாள். அவளுடைய நேர்மையை நான் எப்போதும் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன்.

நான் இடம் சொன்னேன். ஒதீலியே வளரும் குன்றைச் சொல்லவில்லை. அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, மனிதர் போகாத வேறொரு ஜிப்சம் சமவெளியைச் சொன்னேன். இதில் அசாதாரணமாக எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இடத்தை மாற்றிச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் அங்கே போய்த் தேடிவிட்டு, செடி கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பி வருவாள். பூக்கும் காலம் முடிந்துவிடும். இன்னொரு ஆண்டு கிடைக்கும். ஓர் ஆண்டு என்பது அந்தப் பெயருக்கு நான் கேட்ட அவகாசம். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அந்தச் சமவெளி எனக்குத் தெரியும். ஒதீலியாவும் நானும் ஒரு முறை அங்கே நடந்திருக்கிறோம். ஜிப்சம் மழையில் கரையும் கல். மேலே வெள்ளையாக ஓடு கட்டி நிற்கும். அடியில் பல இடங்களில் ஒன்றும் இருக்காது. அன்று என் கால் ஓட்டை உடைத்துக்கொண்டு தொடைவரை உள்ளே போனது. ஒதீலியா என் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் குப்புறப் படுத்து அந்த ஓட்டைக்குள் ஒரு கல்லைப் போட்டோம். ஓசை வருவதற்கு நேரமாயிற்று. பாறை விளிம்பை ஒட்டியே நடந்து திரும்பி வந்தோம். அங்கே தரை கெட்டி.

எலோயிசாவிடம் நான் சொன்னது இது: "வெள்ளைத் தரை மேலயே நட. அது அங்கதான் இருக்கும். பாறை ஓரமா போகாத, அங்க ஒண்ணும் கிடையாது."

ஜிப்சக் கள்ளியைத் தேடுகிற எவருக்கும் எந்த ஆசிரியரும் இதைத்தான் சொல்வார். புத்தகத்தில் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.

அவள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மா கேட்டா வடக்கேன்னு சொல்லிடறேன். அவங்களுக்கு சந்தைக்கு அந்தப் பக்கம் எல்லாமே வடக்குதான்."

அடுத்த வாரம் எர்மீனியா என் வாசலில் நின்றாள். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் கத்திகூட இருந்தது, கீழே வைக்க மறந்திருந்தாள்.

"டாக்டர், எம் பொண்ணு வரல. ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துடறேன்னு சொன்னா."

"எங்க போறேன்னு சொன்னா?"

"வடக்கேன்னா. வடக்கு எவ்வளவு பெருசு, டாக்டர்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எடம் நீங்கதான் சொல்லியிருப்பீங்க. உங்கள கேக்காம அவ ஒரு முள்ளக்கூட தொட மாட்டா. எங்கன்னு சொல்லுங்க, நான் நடந்தாவது போறேன்."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் என் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒதீலியே பற்றிய என் கட்டுரையில் ஒரு மலையின் பெயர் அச்சாகியிருந்தது. அது அச்சுக்காக நான் எடுத்துப் போட்ட மலை. அங்கே ஒதீலியே கிடையாது. எலோயிசாவுக்கு நான் சொன்னது வேறு. சமவெளியைச் சொன்னால், ஒதீலியே அங்கே இல்லாதபோது ஏன் அவளை அங்கே அனுப்பினாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், அவள் என்ன எழுதப் போகிறாள் என்பதும் வெளியே வரும். நான் அச்சில் இருந்த மலையைச் சொன்னேன். அச்சில் இருப்பதை ஆசிரியரே மறுப்பது நன்றாக இருக்காது என்றும் நினைத்தேன்.

சந்தை ஆட்கள், ஆய்வுக்கூட மாணவர்கள், கயெத்தானோ, நான், எல்லோரும் அந்த மலைக்குப் போனோம். எர்மீனியாவை அழைத்துப் போகவில்லை. அவளுக்கு மூட்டு வலி. எல்லோருக்கும் சோளரொட்டியும் பீன்ஸும் கட்டிக் கொடுத்தாள். மகளுக்கென்று ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி என்னிடம் கொடுத்தாள். நான் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். பகல் முழுவதும் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறினோம். அவள் பெயரை மற்றவர்களைவிட நான்தான் உரக்கக் கூப்பிட்டேன். என் தொண்டை கட்டிவிட்டது. மாணவர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் துக்கம் பொய் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மாலை, மற்றவர்கள் தீ மூட்டிக்கொண்டிருந்தபோது, கயெத்தானோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கம்பாத்ரே, நீ அச்சுல போட்ட எடத்தயா அவகிட்ட சொன்ன?"

"ஆமா."

"நீ அச்சுல போட்ட எடம் ஒண்ணுகூட நெசமில்லயே. எனக்குத் தெரியாதா? நாந்தான அத்தனையும் கோத்தேன்."

நான் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரிஞ்சா இப்ப சொல்லிடு. நான் எதுவும் கேக்க மாட்டேன். ஏன் எதுக்குன்னு வாயத் தொறக்க மாட்டேன். வண்டிய எடுத்துட்டு நான் மட்டும் போறேன். நீ சொன்னதா யாருக்கும் தெரியாது. சாமி சத்தியமா."

அவர் கை என் முழங்கால்மேல் இருந்தது. அப்போது என்னால் சொல்லியிருக்க முடியும். அந்தக் கணம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். எலோயிசாவை மேலே தூக்கினால் அவள் எழுதுவாள்.

"மத்த எடமெல்லாம் பொய்தான். ஒதீலியாவோட எடத்த மட்டும் நான் மாத்தல. அவளுக்குப் போயி பொய் சொல்லுவனா?" என்றேன்.

கயெத்தானோவுக்கு ஒதீலியாமேல் மரியாதை உண்டு. கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் என்னைவிட உரக்க எலோயிசாவைக் கூப்பிட்டார்.

கடைசியில் அவளுடைய பிக்கப் வண்டியைச் சமவெளியின் ஓரத்தில் ஓர் ஆட்டுக்காரர் கண்டார். நகராட்சியிலிருந்து கயிறும் ஏணியும் கொண்டு போனார்கள். அடையாளம் காட்ட நானும் போனேன். வெள்ளைத் தரையில் அவள் காலடிகள் நேராகப் போய், ஓடு உடைந்த ஒரு குழியில் முடிந்திருந்தன. பாறைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்கிறவள் அவள், படித்த காலத்திலும்.

உள்ளூர் மருத்துவர் பார்த்துவிட்டு, கால் எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் அதனால் சாகவில்லை என்றார். தண்ணீர்ப் புட்டி காலியாக, மூடி திருகப்பட்டு, பக்கத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

அவள் பையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் செய்தித்தாளில் சுற்றிய கள்ளிகள் இருந்தன. வெயில் நேராக விழாத அந்தக் குழியின் உள்சுவரில் வளர்ந்தவை. அவள் கைக்கு எட்டியவற்றை மண்ணோடு பெயர்த்திருந்தாள். அப்படி ஒன்றை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும், நான் கற்றுக்கொடுத்தபடி, பென்சிலால் எழுதிய சீட்டைக் கட்டியிருந்தாள். உதவி கேட்டு எதுவும் எழுதவில்லை. அம்மாவுக்கு என்று எதுவும் எழுதவில்லை. பூவைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் மாலை, விரிந்தது, வெள்ளை, மணமில்லை. இரண்டாம் மாலை, அப்படியே. கையெழுத்து போகப் போகப் பெரிதாகி, கோணலாகியிருந்தது. ஐந்தாம் மாலை, வாடவில்லை. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

எங்கள் துறையில் பூ எத்தனை நாள் நிற்கிறது என்பது முக்கியமான குணம். பொதுவாக யாருக்கும் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பொறுமை இருக்காது. என் வர்ணனையில், "பூ ஐந்து நாளுக்குக் குறையாமல் நிற்கும்" என்று எழுதினேன். ஐந்து நாள் என்று எழுதவில்லை. அது வாடியதை அவள் பார்க்கவில்லை. நாங்கள் அந்த மலையில் தேடிய நாட்களும் அந்தப் பூ மலர்ந்திருந்த நாட்களும் ஒன்றே.

அதற்கு எலோயிசே என்று பெயரிட்டேன். கண்டுபிடித்தவள் அவள், ஆகவே வெளியிடுபவர் என்ற இடத்திலும் அவள் பெயரைப் போடத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைப்பது எங்களிடம் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. அவளை அப்படிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளியிட்டவர் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அதே இதழில் அவளுக்கு அஞ்சலியும் நானே எழுதினேன். நல்ல கட்டுரை என்று பலர் எழுதினார்கள். ஒதீலியே பற்றிய அவளுடைய கட்டுரை ஆய்வுக்கூடத்து மேசையில் முக்கால்வாசி முடிந்த நிலையில் இருந்தது. முடிக்காத கட்டுரையை, எழுதியவர் திருத்திப் பார்க்காத நிலையில், எந்த இதழும் வெளியிடாது. நாங்களும் வெளியிடவில்லை.

எலோயிசே கட்டுரையைக் கயெத்தானோதான் கோத்தார். கடைசி வரி வந்ததும் தலை நிமிராமல் கேட்டார்: "எந்த மலை?"

சொன்னேன். கோத்தார். இதழ்க் கட்டுகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இனிமே வேற அச்சகம் பாத்துக்கோங்க, டாக்டர்" என்றார். அவர் என்னை அதற்கு முன் டாக்டர் என்று அழைத்ததில்லை.

எர்மீனியாவுக்கு, மகள் விழுந்த இடத்தில் ஒரு சிலுவை நட வேண்டும். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆன்மா எங்கே உடம்பை விட்டதோ அங்கே ஓர் அடையாளம் இருக்க வேண்டும்.

"அங்க எப்படிப் போயி மாட்டுனா, டாக்டர்? நீங்க சொன்ன மலை வேற எடத்துலல்ல இருக்கு?"

"சின்ன வயசு, தோன்யா எர்மீனியா. தானாத் தேடிப் பாக்கலாம்னு வழி மாறிப் போயிருப்பா."

"அவ அப்படிப் பண்ற பொண்ணு இல்லயே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு சிலுவையை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளை அழைத்துப் போனேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சமவெளியில் ஒரு சிலுவை நின்றால், அதை அடையாளம் வைத்துக் கள்ளி பிடுங்குகிறவர்கள் நேராக எலோயிசேயிடம் போய்விடுவார்கள். ஆகவே நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வேறொரு ஓடைப் பள்ளத்தைக் காட்டினேன். அவள் மண்டியிட்டு மண்ணைத் தொட்டு முத்தமிட்டாள். "இங்க தரை மெதுவா இருக்கு. ரொம்ப வலிச்சிருக்காதுல்ல?" என்று கேட்டாள். வலித்திருக்காது என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தோர் நாளில், துலுக்கச் சாமந்தியும் ரொட்டியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு அவளை அங்கே அழைத்துப் போனேன். ஓர் ஆண்டும் தவறியதில்லை. அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

நான் அந்தச் சமவெளியைச் சொன்னதால்தான் எலோயிசே உலகுக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அது இன்னும் பெயரில்லாமல் அந்த இருட்டுச் சுவரில் கிடந்திருக்கும். எலோயிசாவும் பெயர் தெரியாமல் வாழ்ந்து போயிருப்பாள். அவள் உயிரோடு இருந்திருப்பாள் என்பதை நான் மறுக்கவில்லை. அவள் எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்த ஒரே மனிதன் நான். அவளுக்கு மூச்சு இருந்தபோதெல்லாம் அதைச் சொல்லாமல் இருந்தவனும் நான். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் கடத்தல்காரர்களுக்கு இடம் சொன்னது நான் இல்லை. எலோயிசாவின் வண்டியை மீட்டபோது உள்ளூர்ப் பத்திரிகை ஒரு படம் போட்டது. பின்னால் மலை விளிம்பு தெரிகிறது. அந்த ஆட்கள் ஒரு மலையின் முதுகை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படித்தான் நடந்திருக்கும். உங்கள் அறிக்கையில் தயவுசெய்து இடத்தின் பெயரைப் போடாதீர்கள். வெடிப்புகளில் விதை மிச்சமிருக்கலாம்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கயெத்தானோ அச்சகத்தை விற்றுவிட்டு மொந்தெரேயில் மகள் வீட்டுக்குப் போனார், அங்கே இறந்தார். எனக்குச் செய்தி சொல்லவில்லை. ஆட்டுக்காரர் எல்லை தாண்டி அமெரிக்கா போய்விட்டார். நகராட்சி ஆட்கள் அடுத்த தேர்தலில் மாறிப்போனார்கள். ஒதீலியே தனி இனம் இல்லை என்று நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு இளைஞர்கள் இருவர் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். இப்போது அது சமக்குறிக்குப் பின்னால் இருக்கிறது. இதழ் நின்றுவிட்டது. எர்மீனியா போன மழைக்காலத்தில் இறந்தாள். மகளுக்குப் பக்கத்தில் புதைக்க முடியவில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ஓடைப் பள்ளத்தில் அந்தச் சிலுவை நிற்கிறது. இந்த நவம்பரில் நான் தனியாகப் போனேன். சாமந்தியை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். அங்கே மனம் அமைதியாக இருக்கிறது. எலோயிசா விழுந்தது அங்கேதான் என்று எனக்கும் தெளிவாக நினைவிருக்கிறது.